ஜோடியாகப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு: முதல் கிளாசிக் பவர்லிஃப்டிங் வழிகாட்டி

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் என்று எங்கள் கடற்கரை ஊர்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஜிம்முக்கு வந்தால் இப்போது யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. சேர்ந்து போட்டிக்குப் போகிறவர்கள்தான் இன்னும் குறைவு. போகலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு தூக்கினா உள்ள விடுவாங்க?" என்பதுதான். மாவட்ட அளவில் அந்தக் கவலையே வேண்டாம். ராடு 20 கிலோ, பிளேட் நழுவாமல் இரண்டு பக்கமும் மாட்டும் காலர் இரண்டரை இரண்டரை, ஆக 25 கிலோ. அதற்குமேல் எதையாவது விதிப்படி தூக்கத் தெரிந்தால் போதும்.

ஜோடியாகப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. அன்றைக்கு எந்த மணிக்கு யார் தூக்குபவர், யார் உதவியாள்? இதை முன்கூட்டியே பேசி முடிக்காமல் போனால், ஒருவர் மேடையில் நிற்கிற நேரத்தில் இன்னொருவர் எடை பார்க்கிற வரிசையில் மாட்டிக்கொள்வார். மற்ற விஷயங்களையும் வரிசையாகச் சொல்கிறேன், ஆனால் அதிகம் பேசப்போவது இதைத்தான்.

1. எந்தப் போட்டி, எந்தப் பிரிவு

பவர்லிஃப்டிங் என்றால் ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) என்று மூன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று முயற்சி. மூன்றிலும் தேறிய பெரிய எடைகளைக் கூட்டினால் வருவது டோட்டல். ஒலிம்பிக்கில் தலைக்குமேல் தூக்குகிறார்களே, அந்த வெயிட்லிஃப்டிங் வேறு. ஊரில் சொன்னால் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைப்பார்கள். ஒவ்வொருவரையும் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

ஜிம்மில் 'ரா' என்று சொல்வதைப் போட்டிப் படிவத்தில் 'கிளாசிக்' என்று போட்டிருப்பார்கள். ஸ்குவாட் சூட், பெஞ்ச் ஷர்ட், முட்டியில் இறுக்கிச் சுற்றும் நீளத் துணி எதுவும் இல்லாமல் தூக்குவது இது. அதெல்லாம் போட்டுத் தூக்குவது எக்விப்டு. பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐபிஎஃப் 1972-ல் தொடங்கியது. கிளாசிக்குக்கென்று தனி உலக சாம்பியன்ஷிப் 2013-லிருந்துதான் நடக்கிறது. இந்தியாவில் ஐபிஎஃப்-ஐச் சேர்ந்தது பவர்லிஃப்டிங் இந்தியா. அதன்கீழ் மாநில, மாவட்டச் சங்கங்கள். வேறு சில அமைப்புகளும் போட்டி நடத்துகின்றன, அங்கே விதிகள் கொஞ்சம் மாறும். நான் இங்கே சொல்வது ஐபிஎஃப் விதி. நீங்கள் பணம் கட்டும் போட்டி எதைப் பின்பற்றுகிறது என்று முதலிலேயே கேளுங்கள்.

எங்கே விசாரிப்பது? உங்கள் ஜிம் மாஸ்டருக்குத் தெரியாவிட்டால், ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துப் பக்கம் போய் நாலு பேரிடம் கேளுங்கள். கீழக்கரை வள்ளல் பெயரும் சேதுபதி பெயரும் சேர்ந்த அரங்கம். ஜோடியாகக் கிளம்புகிறவர்களுக்குப் பொருத்தமான வாசல்தான்.

எடைப் பிரிவுகள், பெண்களுக்கு: 47, 52, 57, 63, 69, 76, 84, அதற்கு மேல். ஆண்களுக்கு: 59, 66, 74, 83, 93, 105, 120, அதற்கு மேல். வயதுப் பிரிவில்தான் ஜோடிகளுக்கு ஒரு சிக்கல் வரும். 40 வயதாகும் ஆண்டின் ஜனவரி 1 முதல் ஒருவர் மாஸ்டர்ஸ் பிரிவுக்குப் போகலாம். கணவருக்கு 41, மனைவிக்கு 36 என்றால் அவர் மாஸ்டர்ஸ், இவர் பொதுப் பிரிவான ஓப்பன் என்று பதிந்துவிடுவார்கள், இரண்டும் வேறு வேறு நாளில் விழக்கூடும். இரண்டு நாள் லாட்ஜ் வாடகை, இரண்டு நாள் லீவு. நாற்பது தாண்டியவரும் ஓப்பனில் இறங்கலாம். முதல் போட்டிக்கு இரண்டு பேரும் ஓப்பனில் இறங்குவதுதான் வசதி என்பது என் கருத்து. மெடல் கணக்கை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

2. படிவம், இனிஷியல், மாத்திரை

ஆதார், பிறந்த தேதிக்கான சான்று, போட்டோ, நுழைவுக் கட்டணம். இதில் பெண்களுக்கு மட்டும் வரும் தொல்லை இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயரின் எழுத்து என்று இருக்கும். படிவத்தில் எதைப் போடுகிறீர்களோ அதையே கடைசிவரை போடுங்கள். மாவட்டச் சான்றிதழில் ஒரு இனிஷியல், மாநிலப் போட்டிப் படிவத்தில் இன்னொன்று என்றால் பின்னால் அலைய வேண்டிவரும்.

ஊக்கமருந்து விதி நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். ஐபிஎஃப் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளுக்குக் கட்டுப்பட்டது, இந்தியாவில் பரிசோதனையைச் செய்வது நாடா (NADA) என்ற தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை. ஊசி போடுகிறவர்களை விடுங்கள். சாதாரண ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கும். அது எப்போதும் தடை செய்யப்பட்ட பட்டியலில் உள்ளது. ஜலதோஷ மாத்திரையில் இருக்கும் சூடோஎபெட்ரினுக்குப் போட்டி நாளில் அளவுக் கட்டுப்பாடு உண்டு. வீட்டில் ஒரே மருந்து டப்பாவிலிருந்து இரண்டு பேரும் எடுத்து விழுங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் சீட்டைக் காட்டி, போட்டிக்குப் போகிறோம் என்று சொல்லி, மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள்.

3. சாமான்கள்: எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது

உடம்போடு ஒட்டிய ஒற்றை உடையான சிங்லெட் ஆளுக்கு ஒன்று. உள்ளே சாதாரண டி-ஷர்ட். டெட்லிஃப்டுக்கு முட்டிக்குக் கீழ்வரை வரும் நீளக் காலுறை கட்டாயம், கெண்டைக்கால் முன்பக்கம் தேய்ந்து ராடில் ரத்தம் படக்கூடாது என்பதற்காக. கால்பந்து விளையாடுகிற பையன்கள் போடும் காலுறையே போதும். ஆண்கள் உள்ளே தொடைவரை நீண்ட பாக்ஸர் போடக்கூடாது, சாதாரண ஜட்டிதான். சாமான் பார்க்கிற இடத்தில் இதற்காகத் திருப்பி அனுப்புவார்கள், வெட்கப்பட்டுப் பயனில்லை.

பெல்ட் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கும் 13 மில்லிமீட்டர் தடிமனுக்கும் மிகாமல் இருக்க வேண்டும். முட்டிக்கு உறை மாதிரி இழுத்து மாட்டும் ஸ்லீவ் போடலாம், மணிக்கட்டுக்குப் பட்டை கட்டலாம். டெட்லிஃப்டில் கையை ராடோடு கட்டும் ஸ்ட்ராப் கூடாது.

இருவரும் வேறு வேறு நேரத்தில் தூக்குகிறீர்கள் என்றால் ஒரே பெல்ட்டைப் பகிரலாம், இரண்டு இடுப்புக்கும் ஓட்டை இருந்தால். ஒரே சுற்றில் வந்துவிட்டால் முடியாது. ஒருவர் கழற்றி இன்னொருவர் மாட்டி இறுக்குவதற்குள் பெயர் கூப்பிட்ட ஒரு நிமிடம் ஓடிவிடும். ஸ்லீவைப் பகிரும் யோசனையே வேண்டாம், வியர்வையில் ஊறியதை உரிக்கவே ஆள் வேண்டும்.

சிங்லெட் போட்டு மேடையில் நிற்கப் பெண்களுக்கு இருக்கும் தயக்கம் நியாயமானதுதான். நாலு பேர் பார்ப்பார்கள், எட்டுப் பேர் போன் எடுப்பார்கள். கொஞ்சம் தளர்வான டி-ஷர்ட், மேடைக்கு வெளியே எப்போதும் ஒரு ட்ராக் பேன்ட், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. ஹிஜாப் அணிபவர்கள் பின்வாங்க வேண்டியதில்லை. கேரளத்தின் மஜிசியா பானு ஹிஜாபோடுதான் பவர்லிஃப்டிங் மேடைகளில் ஏறியவர். ஆனால் கையையும் காலையும் மூடும் உடை வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சங்கத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். போட்டி நாள் காலையில் நடுவரோடு பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை அது.

4. ஒரே ராடு, இரண்டு பேர்

பன்னிரண்டு வாரம் இருந்தால் நிதானமாகத் தயாராகலாம். வாரம் மூன்று நாள் போதும். கடல் தொழிலை நம்பிய வீடு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் பயிற்சிக்கு நல்ல நேரம் மாதிரித் தோன்றும். நேரம் இருக்கும், ஆனால் கையில் காசு இருக்காது, வெயிலும் உச்சத்தில் இருக்கும். அந்த மாதங்களில் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

நம் பக்கத்து ஜிம்களில் உப்புக் காற்று ஒரு தனி எதிரி. ராடின் சொரசொரப்புக்குள் துரு ஏறி, பிடிக்கும்போது செம்மண் மாதிரிக் கையில் ஒட்டும். வாரத்துக்கு ஒருமுறை கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்து எடுங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால் பிடி வழுக்கும். ஈரக்காற்றில் கை சீக்கிரம் நனைகிறது, அதனால் மெக்னீசியம் கார்பனேட் தூளை முன்கூட்டிப் பூசிவிட்டு நிற்காமல், ராடைத் தொடுவதற்குச் சற்று முன்புதான் பூச வேண்டும். போட்டியிலும் இதே பழக்கம் உதவும்.

ஒரே ரேக்கில் இரண்டு பேர் மாறி மாறி ஸ்குவாட் செய்தால் பாதி நேரம் பிளேட் மாற்றுவதிலேயே போய்விடும். அவர் 120, இவர் 60 என்றால் ஒவ்வொரு செட்டுக்கும் பக்கத்துக்கு 30 கிலோ கழற்றி ஏற்ற வேண்டும். அதற்குப் பதில் மனைவியின் முக்கிய செட்டுகளைக் கணவரின் வார்ம் அப்போடு சேருங்கள். அவர் 60, 70 என்று ஏறிவரும்போது இவர் தன் செட்டுகளை முடித்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விடலாம். ரேக் உயரம் இருவருக்கும் வேறு. எத்தனையாவது ஓட்டை என்று சுவரில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். போட்டியில் எடை பார்க்கும்போது ஸ்குவாட், பெஞ்ச் இரண்டுக்கும் ரேக் உயரம் கேட்டு எழுதுவார்கள். அங்குள்ள ரேக்கில் வேறு எண் இருக்கும், அதனால் அரைமணி முன்பே போய் வெறும் ராடோடு நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

துணையாக இருக்கிறவர் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி, வீட்டு நடுவராக இருப்பது. பெஞ்சில் மூன்று ஆணைகள். கை நீட்டி ராடு அசையாமல் நின்றதும் "ஸ்டார்ட்". நெஞ்சில் இறக்கி ராடு நின்றதும் "பிரஸ்". மேலே கை பூட்டியதும் "ரேக்". ஸ்குவாட்டுக்கு இரண்டு: "ஸ்குவாட்", "ரேக்". டெட்லிஃப்டுக்கு ஒன்றே ஒன்று: நிமிர்ந்து, முட்டி பூட்டி, தோள் பின்னுக்குப் போனபின் "டவுன்". தமிழ்நாட்டிலும் இந்த ஆணைகள் ஆங்கிலத்தில்தான் வரும், அதே சொல்லில் பழகுங்கள். 'பிரஸ்' சொல்வதை ஒவ்வொரு ரெப்புக்கும் வேறு வேறு நேரம் தாமதியுங்கள். ஒருமுறை உடனே, அடுத்தமுறை இரண்டு நொடி கழித்து. கணவன் மனைவி என்றால் ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் தெரியும், சொல்வதற்குள் அவர் தள்ளிவிடுவார். முன்பின் தெரியாத நடுவருக்கு அந்தத் தாளம் தெரியாது. பலமாகத் தூக்கியும் 'செல்லாது' என்ற சிவப்பு விளக்கு வாங்குகிற புதியவர்களில் நிறையப் பேர் ஆணைக்கு முன்னால் அசைந்தவர்கள்.

பெஞ்சில் ராடை எடுத்துக் கொடுக்கிறவர் பிரச்சினையும் உண்டு. ஜிம்மில் உங்களுக்கு எடுத்துக் கொடுப்பது உங்கள் துணை. போட்டியில் பயிற்சியாளரோ வீட்டாரோ மேடையில் ஏறி எடுத்துக் கொடுக்க முடியாது. அங்கே நியமிக்கப்பட்ட ஆட்கள்தான் கொடுப்பார்கள். ஆகவே கடைசி ஒரு மாதம் வேறு வேறு ஆட்களிடம் ராடு வாங்கிப் பழகுங்கள், அல்லது நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

விதியில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஸ்குவாட்டில் இடுப்பு மூட்டுப் பக்கத் தொடையின் மேற்பரப்பு முட்டியின் உச்சிக்குக் கீழே போக வேண்டும். 'தொண்ணூறு டிகிரி' போதாது. பெஞ்சில் முழங்கையின் அடிப்பக்கம் தோள் மூட்டின் மேற்பரப்புக்குச் சமமாகவோ கீழாகவோ இறங்க வேண்டும், 2023-லிருந்து வந்த விதி இது. போனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வைத்துப் படம் எடுங்கள். முன்னாலிருந்து எடுத்தால் ஆழம் தெரியாது, முகம்தான் தெரியும்.

டெட்லிஃப்டில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் குறுக்கே வரும். ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் தூக்கிப் பழகிய உடம்பு இடுப்பைத் திருகி ஒரு பக்கமாக இழுத்துத் தூக்கும். முதுகு பலமாகத்தான் இருக்கும், ஆனால் ராடு கோணலாக ஏறும். குறைந்த எடையில் சில வாரம் பொறுமையாக நேராக்க வேண்டும். இளவட்டக்கல்லைத் தூக்கியவனுக்குப் பெண் கொடுத்த சீமை இது. இப்போது பெண்ணும் சேர்ந்து தூக்குகிறாள், யார் கல்லுக்கு யார் மதிப்பெண் போடுவது என்பதில்தான் சண்டை வருகிறது.

சண்டை வரும். மனைவிக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த கணவன்மார்களைக் கேட்டால் சொல்வார்கள். சரியாகவே சொன்னாலும் சொல்கிற ஆள் தப்பு. நுட்பத்தைத் திருத்துகிற வேலையை ஜிம் மாஸ்டரிடம் விட்டுவிடுங்கள். துணைக்கு ஒரே ஒரு சொல் மட்டும் அனுமதி, அந்தச் சொல்லையும் தூக்குகிறவரே தேர்ந்தெடுக்கட்டும். "நெஞ்சு", "முட்டி", "மெதுவா" எதுவாகவும் இருக்கலாம். செட்டுக்கு நடுவே அதைத் தவிர வேறு பேச்சு வேண்டாம். மீதியெல்லாம் வீட்டுக்குப் போகிற வழியில்.

5. சாப்பாடு

முதல் போட்டிக்காக எடையைக் குறைக்காதீர்கள். தண்ணீரை நிறுத்தி, வெயிலில் ஓடி, இரண்டு கிலோ இறக்கி ஒரு பிரிவு கீழே போவதெல்லாம் பதக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்கு. ஒரு வீட்டில் ஒருவர் பட்டினியும் இன்னொருவர் மூன்று தட்டும் என்றால் சமையலறையும் தாங்காது.

சூடை, நெத்திலி, மத்தி, முட்டை, பயறு, கொள்ளு. புரதத்துக்கு நம் கடற்கரையில் டப்பா பவுடர் வாங்க வேண்டிய அவசியம் குறைவு. காசு கொடுத்துப் பவுடர் வாங்கினால் அதில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. மேலே சொன்ன ஊக்கமருந்து விதி அதற்கும் சேர்த்துத்தான்.

6. துண்டுச் சீட்டு

முயற்சிகளை முந்தின இரவே எழுதி முடியுங்கள். இரண்டு சீட்டு, வேறு வேறு நிறத் தாளில். முதல் முயற்சி, உடம்பு சரியில்லாத நாளிலும் மூன்று ரெப் எடுக்கக்கூடிய எடை. உங்கள் உச்சத்தில் சுமார் தொண்ணூறு சதவீதம். இரண்டாவது கொஞ்சம் உழைக்க வேண்டிய எடை. மூன்றாவதுதான் ஆசை.

உதாரணமாக அவருடைய ஸ்குவாட் உச்சம் 140 என்றால் 125, 135, 142.5. இவருடையது 70 என்றால் 62.5, 67.5, 72.5. எல்லாம் இரண்டரையின் மடங்கில். காலர் ஐந்து கிலோவையும் சேர்த்த கணக்கு இது. ஜிம்மில் காலரே போடாமல், அல்லது போட்டும் கணக்கில் சேர்க்காமல் தூக்கிப் பழகியவர்கள் இதைத் திரும்பப் பார்க்கவும். ஒருமுறை கேட்ட எடையை அடுத்த முயற்சியில் குறைக்க முடியாது. ஒரு லிஃப்டில் மூன்று முயற்சியும் தவறினால் டோட்டலே கிடையாது. அதனால்தான் முதல் முயற்சியை அவ்வளவு அடக்கி வாசிக்கச் சொல்கிறேன்.

ஒவ்வொரு முயற்சி முடிந்ததும் ஒரு நிமிடத்துக்குள் அடுத்த எடையைப் போட்டி அலுவலர்கள் மேசையில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், தேறியிருந்தால் தானாக இரண்டரை கிலோ ஏற்றுவார்கள், தவறியிருந்தால் அதே எடையை வைப்பார்கள். முதல் முயற்சியை அந்த லிஃப்ட்டின் முதல் சுற்றுக்கு மூன்று நிமிடம் முன்புவரை ஒருமுறை மாற்றலாம். ஸ்குவாட், பெஞ்ச் இரண்டாவது மூன்றாவதைச் சொன்னபின் மாற்ற முடியாது. டெட்லிஃப்ட் மூன்றாவதை மட்டும் இருமுறை மாற்றலாம்.

மூன்றாவது எடையை யார் முடிவு செய்வது? தூக்குகிறவர் இல்லை, துணையும் இல்லை, சீட்டுதான். தேறினால் இது, திணறித் தேறினால் இது என்று இரண்டு எண் எழுதி வைத்துவிடுங்கள். "இன்னும் அஞ்சு கிலோ போடு, உன்னால முடியும்" என்று பாசத்தில் ஏற்றிவிட்டு மேடையில் சிவப்பு வாங்கித் தருகிற துணைகள் ஏராளம்.

7. போட்டி நாளின் மணிக் கணக்கு

எடை பார்ப்பது உங்கள் குழு தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் நடக்கும். வழக்கமாகப் பெண்கள் குழு முதலில். ஒன்பதுக்குப் பெண்கள், பன்னிரண்டுக்கு ஆண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு ஏழு முதல் எட்டரைக்குள் எடை. பத்துப் பேர் இருக்கும் குழுவில் ஒரு லிஃப்டின் மூன்று சுற்றும் முடிய அரைமணிக்கு மேல் ஆகும். ஆக ஸ்குவாட் ஒன்பது நாற்பது வரை, பெஞ்ச் பத்தரையைத் தொடும், டெட்லிஃப்ட் முடிய பதினொன்றேகால். கணவருக்கு எடை பார்க்கும் நேரம் பத்து முதல் பதினொன்றரை. அதாவது மனைவியின் பெஞ்சும் டெட்லிஃப்டும் நடக்கிற அதே நேரம்.

இதில் கணவரின் நிலையைப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுந்தவர். தன் எடை முடியும்வரை வயிறாரச் சாப்பிட முடியாது. மூட்டை தூக்கியிருக்கிறார், பிளேட் ஏற்றியிருக்கிறார், மேசைக்கும் மேடைக்கும் ஓடியிருக்கிறார், தொண்டை வற்றக் கத்தியிருக்கிறார். பன்னிரண்டுக்கு அவர் ஸ்குவாட்டுக்குள் போகும்போது பாதிச் சக்திதான் மிச்சம். பின்னால் தூக்குகிறவர்தான் எப்போதும் விலை கொடுக்கிறார். கணவர் முதல், மனைவி பிறகு என்று வந்தால் அந்த விலை மனைவிக்கு.

இதற்கு ஒரே தீர்வு மூன்றாவது ஆள். மச்சினன், ஜிம்மில் கூட வரும் தம்பி, யாராவது ஒருவர். அவருக்குத் தூக்கத் தெரிய வேண்டியதில்லை. சீட்டைப் படிக்கவும், மேசையில் எண்ணைத் தெளிவாகச் சொல்லவும், மேடையில் யார் நிற்கிறார், நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணவும் தெரிந்தால் போதும். அவரை அழைத்துவருகிற பஸ் செலவு அன்றைய செலவிலேயே நல்ல செலவு.

மூன்றாவது ஆள் இருந்தால் இப்படிப் பிரியுங்கள். ஸ்குவாட் முழுக்கக் கணவர் மனைவியோடு. புதியவர்களுக்குப் பதற்றம் அதிகம் அங்கேதான். பெஞ்ச் தொடங்கியதும் பொறுப்பு தம்பியிடம். "என்னங்க, நீங்க எடை பாத்துட்டு இட்லியைச் சாப்பிடுங்க, தம்பி இருக்கான்" என்று மனைவியே சொல்லி அனுப்ப வேண்டும். அவர் வாயிலிருந்து வந்தால்தான் இவர் நகர்வார். எடை பார்த்துச் சாப்பிட்டுவிட்டு டெட்லிஃப்டுக்கு வந்து, உட்கார்ந்து பார்க்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து. மனைவி தன் டெட்லிஃப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு, கணவரின் பெஞ்சிலிருந்து பொறுப்பெடுத்தால் போதும்.

சின்ன மாவட்டப் போட்டிகளில் ஆணையும் பெண்ணையும் ஒரே குழுவில் போட்டுவிடுவதும் உண்டு. குறைந்த எடை முதலில் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் மனைவி முன்னால், கணவர் பின்னால், நடுவே சில பேர்தான். அப்போது ஒருவருக்கொருவர் உதவி என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். இருவரும் தம்பி கையில். பக்கத்துப் பக்கத்து நாற்காலி, தனித்தனித் தண்ணீர் பாட்டில்.

ஒன்பது மணி என்று போட்டிருந்தால் பத்தரைக்குத் தொடங்குவது நம் பக்கம் புதிதில்லை. அதனால் சாப்பாட்டைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள். எடை பார்த்தவுடன் இட்லி, வாழைப்பழம், இளநீர். குழுவுக்கும் குழுவுக்கும் இடையில் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர். வடையும் பூரியும் வேண்டாம். பிரியாணி சாயங்காலம்.

வார்ம் அப் கணக்கு: கடைசி வார்ம் அப் செட், உங்களுக்கு முன்னால் மூன்று நான்கு பேர் இருக்கும்போது முடிய வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்து எண்ணிக்கொள்ளலாம்.

குழந்தையை முடிந்தால் அத்தையிடமோ அம்மாவிடமோ வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அம்மா முகம் சிவந்து ராடுக்கு அடியில் நிற்பதைப் பார்த்துப் பிள்ளை அலறினால் மேடையில் நிற்கிறவருக்கு மூச்சு கலைந்துவிடும்.

8. மேடையில்

"பார் இஸ் லோடட்" என்று அறிவித்ததிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். மூன்று நடுவர்கள், மூன்று விளக்கு. இரண்டு வெள்ளை வந்தால் தேறியது. சிவப்பு வந்தால் எதற்கென்று நடுவர் காட்டும் அட்டையைத் தம்பி குறித்துக்கொள்ளட்டும். ஆழமா, ஆணையா என்று தெரிந்தால்தான் அடுத்த முயற்சியில் சரிசெய்ய முடியும்.

ஒருவர் மூன்று ஸ்குவாட்டும் தவறவிட்டு டோட்டலை இழந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். மற்றவர் தொடர வேண்டும், அதுதான் சரி. தூக்க வேண்டியவர் ஆறுதல் சொல்லும் வேலையில் இறங்கினால் அன்றைக்கு இரண்டு டோட்டலும் போகும். துவண்டவரோடு தம்பி கொஞ்ச நேரம் வெளியே போய் டீ குடிக்கட்டும்.

9. யார் முந்தியது

போட்டி முடிந்ததும் உறவுக்காரர்கள் கேட்பது இதைத்தான். அவர் 400, இவர் 250 என்றால் உடனே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஐபிஎஃப் 2020 முதல் பயன்படுத்தும் ஜிஎல் புள்ளி, உடல் எடையையும் ஆண் பெண் வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. 82 கிலோ எடையுள்ள ஆண் கிளாசிக்கில் 400 தூக்கினால் சுமார் 55.7 புள்ளி. 60 கிலோ எடையுள்ள பெண் 250 தூக்கினால் சுமார் 56.5. மனைவி முன்னால். இந்தக் கணக்கைக் கணவரே எடுத்துச் சொன்னால் வீட்டில் நல்ல பெயர் கிடைக்கும்.

கிளம்பும் முன் முடிவுத் தாளைப் போனில் படம் எடுங்கள். சான்றிதழில் பெயரும் இனிஷியலும் சரியா என்று அங்கேயே பார்த்துத் திருத்தி வாங்குங்கள். மாநிலப் போட்டிக்கு என்ன தகுதி, கடைசித் தேதி எப்போது என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். சென்னைப் பக்கம் நடந்தால் ராமேஸ்வரத்திலிருந்து சேதுவும் போட் மெயிலும் இருக்கின்றன, முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். போட்டிக்கு முந்தின நாள் காலையிலேயே போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுங்கள். திரும்பும்போது இரண்டு பேருக்கும் கீழ் பெர்த் கேட்டுப் பாருங்கள், டெட்லிஃப்ட் முடித்த உடம்போடு மேலே ஏறுவது பெரும்பாடு.